சீற்றின் உயரம்

மதகுக்கு இன்னும் இரண்டு முழம் இருக்கும்போதே சைக்கிள் நின்றுவிட்டது. வலது காலால் பெடலை அடிவரை தள்ள முடியவில்லை. ஊன்றுவதற்காக இடது காலை நீட்டினாள். நிலம் எட்டவில்லை. சைக்கிள் இடப்பக்கம் சரிந்தது. கரியரில் கட்டியிருந்த தராசுப் பை முதலில் விழுந்தது. பிறகு அவள்.

மருதோடை வீதியில் அந்நேரம் ஒருவரும் இல்லை. புழுதியில் இருந்தபடி வலது முழங்காலின் பின்பக்கத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். வெள்ளைச் சட்டையின் ஒரு பக்கம் சிவப்பாகியிருந்தது. இரத்தம் இல்லை, மண்.

படலை திறந்து ஜெயரூபினி வந்தாள். ஏழு மாத வயிறு. ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி நடந்தாள்.

"மிசி, விழுந்திட்டியளே?"

"விழேல்லை. இறங்கினனான்."

"இதென்ன இறக்கம்? போன கிழமையும் இப்பிடித்தான் இறங்கினனீங்கள். மிசி சைக்கிளிலை வரேல்லையாம், தென்னையிலை ஏறி இருந்து வாறாவாம் எண்டு என்ரை மனுசன் சொல்லுறார்."

"உன்ரை மனுசன் கதைக்கிற நேரத்துக்கு இந்த மதகை உயர்த்திக் கட்டலாம்."

ஜெயரூபினி சிரித்தாள். குனிய முயன்றாள்.

"குனியாதை. நான் எழும்புவன்" என்றாள் விமலேஸ்வரி. எழும்புவதற்குச் சிறிது நேரம் எடுத்தது.

ஊரார் மிசி என்று கூப்பிடும் விமலேஸ்வரி நெடுங்கேணிப் பகுதியின் மருத்துவமாது. நாற்பத்தொரு வயது. அவளுடைய பிரிவுக்குப் பக்கத்துப் பிரிவைப் பார்த்த பெண் தொண்ணூறாம் ஆண்டு சண்டை தொடங்கியபோது யாழ்ப்பாணம் போய்த் திரும்பவில்லை. அன்றிலிருந்து இரண்டு பிரிவுகளும் இவளுக்கு. சேனைப்பிலவு, மருதோடை, ஊஞ்சால்கட்டி, இடையில் காட்டோரத்துக் குடியிருப்புகள். கர்ப்பிணிகளைப் பதிவது, பிள்ளைகளை நிறுப்பது, ஊசிக்கு நாள் சொல்வது, பிரசவம் நடந்த வீடுகளுக்குப் பத்து நாளுக்குள் போவது. பெற்றோல் வராமல் ஐந்து வருடங்கள் ஆகியிருந்தன. சைக்கிள் இல்லாவிட்டால் இந்த வேலை இல்லை.

அந்த வேலை இல்லாமல் போகும் நிலைக்குத் தொண்ணூற்றாறு மாசியில் வந்திருந்தாள். பணிமனையில் பெரிய டொக்டர் அவள் நொண்டி நொண்டி உள்ளே வருவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பங்குனி முடியும்வரை பாப்பம் விமலேஸ்வரி. ஏலாட்டி பிரிவை ஆருக்கும் குடுக்கத்தான் வேணும். தாய்மார் உங்கடை காலுக்காகக் காத்திருக்க மாட்டினம்." கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்குப் பயம் வந்தது. வீட்டில் அவளும் மகள் சாரங்காவும். வேறு வருமானம் இல்லை. அவளுக்கு வேறு தொழிலும் தெரியாது.

சைக்கிள் அவளுடையது அல்ல. கணவன் குகதாசனுடையது. ஆண்கள் ஓடும் பெரிய சைக்கிள். குகதாசன் நெட்டையன், நிலைக்குக் குனிந்துதான் வீட்டுக்குள் வருவான். அவள் அவன் தோளுக்கும் குறைவு. சீற், உட்காரும் இருக்கை, அவனுடைய காலுக்கு வைத்த உயரத்தில் இருந்தது. பெடல் அடிக்குப் போகும்போது அவளுடைய கால்விரல் நுனிதான் அதைத் தொடும். அதற்கும் இடுப்பை அந்தப் பக்கம் சரிக்கவேண்டும். மறு பெடலுக்கு மறுபக்கம் சரிக்கவேண்டும். இப்படி ஒரு நாளைக்குப் பதினைந்து மைல்.

ஏறவும் இறங்கவும் உயரமான ஒன்று வேண்டும். சேனைப்பிலவில் கிணற்றடித் துவைகல். மருதோடையில் மதகு. ஊஞ்சால்கட்டியில் பள்ளிக்கூடத்தின் இடிந்த அரைச்சுவர். அப்படி ஒன்றும் இல்லாத வீடுகளைத் தாண்டிப் போய், அடுத்த மதகிலோ மரவேரிலோ இறங்கி, தராசைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடப்பாள். எந்த வீட்டுக்கு முதலில் போவது என்பதைக் கர்ப்பிணிகளின் மாதம் தீர்மானிக்கவில்லை. கற்களே தீர்மானித்தன.

அவளுடைய சொந்தச் சைக்கிள் பெண்கள் ஓடுவது. தொண்ணூற்றிரண்டில் அதன் தண்டு வெடித்தது. உருக்கி ஒட்டுவதற்குக் காஸ் ஒரு இடத்திலும் இல்லை. ஒரு வருடம் நடந்தாள். தொண்ணூற்றிமூன்று ஆவணியில் குகதாசன் இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்த வவுனியாவுக்குப் போனான். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுகிறவன். கண் மங்கி, இலக்கங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறத் தொடங்கியிருந்தன. கண்ணாடி எடுக்க மூன்று நாள் பாஸ், போய்வரும் அனுமதிச் சீட்டு. புளியங்குளம்வரை உழவு இயந்திரத்தில் இடம் கிடைத்தது.

போகும் காலையில் சைக்கிளை முற்றத்தில் நிறுத்திவிட்டுச் சொன்னான்:

"நீ இதையே ஓடு. கட்டையிலை ஏறியெண்டாலும் ஓடு. ஆனா சீற்றிலை மட்டும் கை வையாதை. போல்ட்டின்ரை மரை தேஞ்சு போச்சு. ஒருக்காக் கழட்டினா பிறகு இறுகாது."

அந்தக் காலத்தில் அங்கே யாரும் அதை நம்பியிருப்பார்கள். பொருள்தடையால் தாண்டிக்குளத்துச் சோதனைச் சாவடிக்கு இப்பால் ஒரு ஆணி வராது. சவர்க்காரம் வராது, பற்றரி வராது, போல்ட்டும் அதைப் பூட்டும் சுரையும் வராது. ஆகவே இறுகியிருக்கும் எதையும் யாரும் கழற்றவில்லை. தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் மூடி ஒழுகினால் சேலைத் துணியால் சுற்றிக் கட்டினார்கள். கீச்சிடும் சில்லுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டார்கள், திறந்து பார்க்கவில்லை. தையல் இயந்திரத்தில் ஒரு திருகாணியைக் கழற்றிப் பார்த்த பக்கத்து வீட்டு மீனம்மா அந்த இயந்திரத்தைப் பிறகு கோழி அடைகாக்க வைத்திருந்தாள்.

விமலேஸ்வரிக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. அவன் வந்து ஏறி ஓடுவதற்கு ஒன்றையும் மாற்றவேண்டியிராது.

மூன்று நாளில் வரவில்லை. ஒரு மாதத்தில் ஒரு கடிதம் வந்தது: திரும்பி வரப் பாஸ் தருகிறார்கள் இல்லை, யோசிக்கவேண்டாம். மார்கழியில் இன்னொன்று: ஒரு இடத்தில் வேலைக்கு நிற்கிறேன், தைப்பொங்கலுக்கு எப்படியும் வருவேன், சாரங்காவைப் படிக்கச் சொல்லு. பிறகு ஒன்றும் இல்லை. தொண்ணூற்றிநாலு மாசியில் அவனுடைய படத்தைக் கொண்டுபோய்ச் செஞ்சிலுவைக் காரியாலயத்தில் கொடுத்தாள். சித்திரையில் பதில் வந்தது. பிடிபட்டவர்களின் பட்டியல் ஒன்றிலும் அவன் பெயர் இல்லை. முதல் நாள் அது நல்ல செய்தியாக இருந்தது. அடுத்த நாள் அப்படி இருக்கவில்லை.

அதற்குப் பிறகும் பொட்டு வைத்தாள். அவளைப்போல ஒவ்வொரு ஊரிலும் நாலைந்து பேர் இருந்தார்கள். நிறுக்கப் பிள்ளையைக் கொண்டுவரும் சில தாய்மாரும் அப்படித்தான். அவர்கள் ஒருவரையொருவர் ஒன்றும் கேட்பதில்லை.

கால் நோ இரண்டாவது வருடத்தில் தொடங்கியது. முதலில் இரவில் மட்டும். பிறகு ஊஞ்சால்கட்டியிலிருந்து திரும்பும்போது. பிறகு போகும்போதே. எலும்பு தேய்கிறது, வயதுக்கு வருவதுதான் என்றார் ஆஸ்பத்திரி அப்போத்திக்கரி. அப்புத்துரைப் பரியாரி தொட்டுப் பார்த்து, இது வாதம், வேர்க்கிற உடம்பில் கிணற்றுத் தண்ணீர் வார்த்ததால் வந்தது என்றார். எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். சாரங்கா ஒவ்வொரு பின்னேரமும் அதைத் தேய்த்தாள். வீடு முழுக்க அதன் மணம். மலேரியாக் காய்ச்சலின் மிச்சம் என்றாள் மீனம்மா. விமலேஸ்வரி எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள். எல்லோரும் சொன்னதைச் செய்தாள். நோ கூடியது.

இளையதம்பி சொன்னதை மட்டும் செய்யவில்லை.

இளையதம்பியின் சைக்கிள் கடை சந்தைக்குப் பக்கத்தில், ஒரு பாலை மரத்தின் கீழ் இருந்தது. நாலு தடியும் கிடுகுக் கூரையும். ஐம்பது வயது. வீதியில் ஒருவர் ஓடிவரும் விதத்தைப் பார்த்தே எங்கே நோகிறது என்று சொல்லிவிடுவார். மற்றவர்கள் வாதம் என்று சொல்லும் வருத்தம் எல்லாம் அவருக்குச் சைக்கிள்தான்.

"முன்பக்கம், முழங்கால் சிரட்டையிலை நொந்தா சீற் பதிவு. பின்பக்கம் நொந்தா சீற் உயரம். பக்கத்தாலை நொந்தா பெடல் வளைஞ்சு கிடக்கு, இல்லாட்டிக் காலைக் கோணலா வைச்சு மிதிக்கிறியள்" என்பார். "மரியநேசனைப் பாருங்கோ. மீன்பெட்டி எண்பது றாத்தல். நிப்பாட்டினா ரெண்டு காலும் நிலத்திலை ஊண்டவேணும் எண்டு சீற்றை அடியிலை இறக்கி வைச்சிருக்கிறான். முல்லைத்தீவிலை இருந்து இஞ்சை வரைக்கும் குந்தி இருந்துதான் உழக்கிறான். அவனுக்கு முன்பக்கம். ஒரு நாளைக்குச் சிரட்டை கழண்டு பெட்டிக்குள்ளை விழும், மீனெண்டு நிறுத்து வித்திடுவான்."

விழுந்த அன்று சங்கிலியும் கழன்றிருந்தது. விமலேஸ்வரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேரப் பின்னேரம் மூன்று மணி. இளையதம்பி சங்கிலியைப் பூட்டினார். பிறகு சீற்றைக் கையால் தட்டினார்.

"மிசி, நாலாந்தரமாச் சொல்லுறன். வருத்தம் காலிலை இல்லை. இதிலை."

"அது மரை போன போல்ட், இளையதம்பி அண்ணை. கழட்டினா இறுகாது."

"நான் ஒருக்காப் பாக்கிறன்."

"பாத்துப் போட்டு இறுகாட்டி? உங்களிட்டை வேறை போல்ட் இருக்கோ?"

"இல்லை."

"பிறகென்ன. நாளைக்குச் சீற்றில்லாமத் தண்டிலை குந்தி இருந்தே ஓடுறது?"

"கம்பியாலை கட்டி விடுவன்."

"வேண்டாம். அவர் வந்து பாக்கட்டும்."

இளையதம்பி எழும்பினார். கையைத் துணியில் துடைத்தார்.

அப்போது சிவராசா வந்தார். மாங்குளம் புகையிரத நிலையத்தில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்து ஓய்வுபெற்றவர். ரயில் வராத நிலையத்துக்கும் ஓய்வூதியம் உண்டு. அதை எடுக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போய் வருவார். அவருடைய சைக்கிளின் முன்சில்லில் காற்றில்லை.

"மாஸ்ரர், இதிலை ஒட்டுப் போட இனி ரியூப் இல்லை. ஒட்டுக்கு மேலை ஒட்டு, ஒட்டுத்தான் கிடக்கு" என்றார் இளையதம்பி.

"ஒட்டிலையே ஓடுறன், நீ போடு."

சில்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நின்றார். விமலேஸ்வரியைப் பார்த்தார். பார்வையை எடுத்தார். பிறகு மறுபடியும் பார்த்தார்.

"பிள்ளை, உன்னை வீட்டை வந்து பாக்கவேணும் எண்டிருந்தனான்."

"சொல்லுங்கோ மாமா."

"போன கிழமை குகதாசனைக் கண்டனான்."

இளையதம்பி தண்ணீர்ச் சட்டிக்குள் ரியூப்பை அமிழ்த்திப் பிடித்திருந்தார். அப்படியே பிடித்திருந்தார்.

"எங்கை?" என்றாள். "பிடிச்சு வைச்சிருக்கிறாங்களே?"

"இல்லை, இல்லை. வவுனியாவிலை. சந்தைக்கு முன்னாலை."

"சுகமா இருக்கிறாரே?"

"சுகம். கண்ணாடி போட்டிருக்கிறான்."

அவள் சிரித்தாள். "கண்ணாடி எடுக்கத்தானே போனவர்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னவாம்? பாஸ் குடுக்கிறாங்கள் இல்லையாமோ?"

"நான் கதைக்கேல்லைப் பிள்ளை. அவன் என்னைக் காணேல்லை."

"ஏன் மாமா கதைக்கேல்லை? கூப்பிட்டிருக்கலாமே!"

சிவராசா சட்டைப் பையைத் தடவினார். அதில் ஒன்றும் இல்லை.

"அவன் தனிய நிக்கேல்லை. புதுச் சைக்கிள் ஒண்டு வைச்சிருக்கிறான். பின்னாலை கரியரிலை ஒரு பொம்பிளை. முன்னுக்குப் பாரிலை குழந்தைப் பிள்ளையளை இருத்துற சின்னச் சீற். அதிலை ஒரு பிள்ளை."

"ஆற்றை பிள்ளை?"

"அப்பா எண்டுதான் கூப்பிட்டது."

தண்ணீர்ச் சட்டியில் குமிழி வந்துகொண்டிருந்தது. இளையதம்பி ஓட்டையை விரலால் பொத்தினார்.

"எத்தினை வயசிருக்கும்?" என்றாள் விமலேஸ்வரி.

"எனக்கென்ன தெரியும்."

"நடக்குதோ?"

"இறக்கிவிட ஓடினது."

"தனியவோ, கை பிடிச்சோ?"

"தனிய."

"பல்லு?"

"பிள்ளை, இதென்ன கேள்வி?"

"எத்தினை பல்லு எண்டு கண்டனீங்களே?"

"சிரிச்சது. மேலையும் கிடந்தது, கீழையும் கிடந்தது. கடைவாயிலை ஒண்டு ரெண்டு. என்னாலை இதுக்கு மேலை ஏலாது பிள்ளை."

ஒன்றரை வயது. அவளுக்குப் பிள்ளைகளின் வளர்ச்சி அட்டை தேவைப்படவில்லை. ஆவணி தொண்ணூற்றிநாலில் பிறந்திருக்கும். ஒன்பது மாதம் பின்னுக்கு எண்ணினால் தொண்ணூற்றிமூன்று கார்த்திகை. அவன் இங்கிருந்து போய் மூன்று மாதம். மார்கழிக் கடிதம் அதற்குப் பிறகு வந்தது. செஞ்சிலுவைக்குப் படம் கொண்டுபோனது அதற்கும் பிறகு. காரியாலய வாசலில் வரிசையில் நின்றபோது அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதம் முடிந்து மசக்கைச் சத்தி நின்றிருக்கும்.

எண்ணி முடிந்தபின் அவள் சைக்கிளின் கான்டிலைப் பிடித்து நேராக நிறுத்தினாள்.

"இளையதம்பி அண்ணை, சீற்றைப் பதியுங்கோ."

"எவ்வளவு?"

"எனக்கு அளவா."

அவர் ரியூப்பைச் சட்டியில் விட்டார். பெரிய ஸ்பானரை எடுத்தார். போல்ட் துருப்பிடித்து இறுகியிருக்கும் என்று நினைத்துக் காலை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். அது உடனே சுழன்றது. ஸ்பானர் வழுக்கி விரல் தண்டில் அடிபட்டது. மிச்சத்தைக் கையாலேயே திருகி எடுத்தார். சேட்டு நுனியால் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பார்த்தார்.

"மரை நல்லாத்தான் கிடக்கு மிசி."

அவள் கையை நீட்டினாள். அவர் கொடுத்தார்.

"ஒரு இடத்திலையும் தேயேல்லை. கிறீஸ் பூசித்தான் பூட்டியிருக்கு. நல்ல போல்ட். இஞ்சை இப்ப இப்பிடி ஒண்டு தேடினாலும் எடுக்கேலாது."

விமலேஸ்வரி பெருவிரல் நகத்தை மரையில் வைத்து மேலிருந்து கீழே இழுத்தாள். ஒவ்வொரு வரியும் நகத்தில் பட்டது.

"அவனுக்குத் தெரியாம இருந்திருக்கும்" என்றார் சிவராசா.

"அவர்தானே பூட்டினவர்" என்றாள்.

இளையதம்பி மரக்கட்டையை வைத்துச் சீற்றைத் தட்டினார். தண்டு இறங்கியது. ஐந்து விரற்கடை உள்ளே போனது. போல்ட்டை வாங்கித் திரும்பப் பூட்டினார். இறுகியது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவளை ஏறச் சொன்னார்.

"குதியைப் பெடலிலை வையுங்கோ. கீழை கொண்டு போங்கோ. கால் நேரா வருதோ?"

"வருது."

"இடுப்புச் சரியுதோ?"

"இல்லை."

"அதுதான் அளவு. குதியாலை அளக்கிறது, முன்காலாலை மிதிக்கிறது. ரெண்டு கிழமையிலை நோ குறையும். பங்குனிக்குள்ளை நீங்கள் புளியங்குளம்வரை ஓடுவியள்."

"ஓம்" என்றாள்.

அவள் போனபின் இளையதம்பி ரியூப்பைச் சட்டியிலிருந்து எடுத்தார். "இதை நீங்கள் என்ரை கடையிலை வைச்சோ சொல்லவேணும்?" என்று சிவராசாவைக் கேட்டார். "வீட்டிலை சொன்னா அந்தப் பெட்டைக் குட்டியுமெல்லோ கேக்கும்" என்றார் சிவராசா.

வீட்டில் சாரங்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது. உயரத்தில் தகப்பன். தாய் படலையடியில் கட்டை தேடாமல் காலை ஊன்றி இறங்கியதைக் கண்டு விளக்குமாற்றை நிறுத்தினாள்.

"அம்மா, சீற்றைப் பதிச்சிட்டியளே?"

"ஓம்."

"அப்பா வந்தா என்னெண்டு ஓடுறது?"

"அப்பா வேறை சைக்கிள் வாங்கிட்டார்."

"எங்கை?"

"வவுனியாவிலை."

சாரங்காவின் முகம் மலர்ந்தது. "அப்ப அப்பா இருக்கிறாரே? ஆர் கண்டது? எனக்குத் தெரியும் அம்மா, எனக்குத் தெரியும்!" ஓடிவந்து தாயைக் கட்டிப்பிடித்தாள். தாயின் கைகள் அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து மகள் கைகளை எடுத்தாள்.

"ஏன் அம்மா?"

விமலேஸ்வரி சொன்னாள். பிள்ளையைப் பற்றியும் சொன்னாள். போல்ட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

குசினியில் உலை வைத்தாள். மரை தேய்ந்தது என்று அவன் ஏன் சொன்னான் என்பதற்கு ஒரு காரணம் தேடினாள். திரும்பி வர நினைக்காதவனுக்குச் சீற்றின் உயரம் எதற்கு? அந்தக் காலையில் அவன் வரத்தான் நினைத்திருக்கிறான். வந்து ஏறும்போது தன் அளவில் இருக்கவேண்டும் என்று நினைத்திருக்கிறான். இப்படி நினைத்தபோது நெஞ்சு சற்று இளகியது. பிறகு, ஒரு பொய் சொல்லித்தான் அதைக் கேட்கவேண்டுமா என்று நினைத்தாள். தன் பொருளை மற்றவர் தொட்டால் அவனுக்குப் பிடிக்காது. சவரக் கத்தி, பேனை, கதிரை, எல்லாவற்றிலும் அப்படித்தான். அவள் அதை மறந்திருந்தாள். இரண்டரை வருடத்தில் அவனுடைய குறைகள் எல்லாவற்றையும் மறந்திருந்தாள். உலை கொதித்தது. அரிசியைப் போட்டாள்.

சாரங்கா எண்ணெய்ப் போத்தலோடு வந்து பக்கத்தில் குந்தினாள். கேட்காமலே தாயின் வலது காலை எடுத்து மடியில் வைத்துத் தேய்த்தாள். விமலேஸ்வரி அப்போதுதான் அழுதாள். மகள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நோகுதே அம்மா?"

"ஓம். நோகுது."

அடுத்த நாள் வியாழக்கிழமை. விமலேஸ்வரி ஏழரைக்குப் புறப்பட்டாள். சேனைப்பிலவில் ஆறு பிள்ளைகளை நிறுத்தாள். ஒரு பிள்ளை போன மாதத்தை விட அரை றாத்தல் குறைவு; தாய்க்குக் காய்ச்சல் என்றார்கள். மாதம் கூடியவர்களை முதலில் பார்க்க நினைத்து, ஊஞ்சால்கட்டிக்குப் போகவில்லை. மருதோடையில் ஜெயரூபினியின் வீட்டுப் படலைக்கு நேரே இறங்கினாள். ஜெயரூபினியின் கால் வீங்கியிருந்தது. இரத்த அழுத்தம் பார்த்தாள், கூடுதலாக இருந்தது. திங்கட்கிழமைக்குள் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அட்டையில் எழுதினாள். மத்தியானம் பாணும் பிளேன்ரீயும். வலது முழங்காலின் பின்பக்கம் நொந்தது. நேற்றைப்போல இல்லை, ஆனால் நொந்தது. மூன்று மணிக்குப் பணிமனையில் மாத அறிக்கையைக் கொடுத்தாள். பெரிய டொக்டர் இருக்கவில்லை. நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். சாரங்கா பள்ளிக்கூடம் போகவில்லை, படுத்திருந்தாள். சோறு அடுப்பில் இருந்தது.